டயப்பரைப் பார்த்துக் கல்லீரலைக் காப்பாற்றிய தைவான் மருத்துவர்: யார் இந்த மெய்-ஹ்வே சாங்?

தைவானில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். தடுப்பூசி போட்ட தேதி, எடை, உயரம் எல்லாம் குறித்து வைக்கும் குழந்தை நலக் கையேடு. நம்ம ஊர் தடுப்பூசி அட்டை மாதிரிதான். ஆனால், அதில் ஒரு பக்கத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். வரிசையாக வண்ணப் புகைப்படங்கள் இருக்கும். எல்லாமே பச்சைக் குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் மலத்தின் படங்கள்.

சில படங்கள் மஞ்சள், சில பச்சை. இன்னும் சில வெளிறிப்போய், சுண்ணாம்பு அல்லது களிமண் மாதிரி இருக்கும். "உங்க பாப்பா ஆய் போறது இதுல எந்தக் கலர்?" என்பதுதான் பெற்றோரிடம் கேட்கப்படும் கேள்வி. வெளிறிய நிறத்தோடு ஒத்துப்போனால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தப் பக்கம் தைவானின் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரக் காரணமானவர்களில் முக்கியமானவர் டாக்டர் மெய்-ஹ்வே சாங். தேசிய தைவான் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் கல்லீரல் நோய் நிபுணர். இந்த அட்டைக்கு முன்பே அவர் செய்த இன்னொரு வேலை மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதை மனிதர்களிடம் முதன்முதலில் எண்களோடு காட்டிய ஆய்வு அது.

ஒரு குழந்தைகள் மருத்துவர் எப்படி இதைச் செய்தார்? அதைப் புரிந்துகொள்ள 1980-களின் தைவானுக்குப் போக வேண்டும்.

தைவானில் என்ன பிரச்சினை?

அப்போது தைவானில் வயதுவந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் கிடையாது. வேலைக்குப் போவார்கள், குடும்பம் நடத்துவார்கள். நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று கல்லீரல் சுருக்கம் அல்லது கல்லீரல் புற்றுநோய் என்று தெரியவரும்.

இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்த ஆய்வும் தைவானில்தான் நடந்தது. அமெரிக்கத் தொற்றுநோயியல் நிபுணர் பால்மர் பீஸ்லி, தைவான் ஆண்கள் 22,707 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். வைரஸ் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, இல்லாதவர்களைவிட 223 மடங்கு அதிகம் என்று 1981-இல் அவரது குழு அறிவித்தது.

சரி, இவ்வளவு பேருக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, பிறந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து. இங்கே ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. வயதுவந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே அதைத் துரத்திவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடம்பில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அதை எதிரி என்று அடையாளம் காணத் தெரியாது.

அதாவது, ஐம்பது வயதில் வரும் புற்றுநோய்க்கான விதை பிரசவ அறையிலேயே விழுந்துவிடுகிறது.

குழந்தைக்கே கல்லீரல் புற்றுநோயா?

ஆமாம். அரிதுதான், ஆனால் தைவானில் வந்தது. கல்லீரல் புற்றுநோயோடு வந்த பள்ளிக் குழந்தைகளை சாங் பார்த்தார். ஆறு வயது, பத்து வயதுக் குழந்தைகள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தது. அவர்களுடைய அம்மாக்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலான அம்மாக்களுக்கும் அதே வைரஸ் இருந்தது. இதை அவர் குழு 1989-இல் கட்டுரையாக வெளியிட்டது.

பெரியவர்களுக்கு முப்பது, நாற்பது வருடம் எடுத்துக்கொள்ளும் நோய், இந்தச் சில குழந்தைகளிடம் பத்து வருடத்துக்குள் வந்து நின்றது. இதில் அவருக்கு ஓர் ஆராய்ச்சி வாய்ப்பும் தெரிந்தது.

1984: உலகின் முதல் முயற்சி

1984 ஜூலையில் தைவான் அரசு பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. நாடு தழுவிய அளவில் இப்படித் தொடங்கிய முதல் இடம் அதுதான். முதல் இரண்டு ஆண்டுகள், வைரஸ் உள்ள அம்மாக்களின் குழந்தைகளுக்கு மட்டும். 1986 ஜூலையிலிருந்து எல்லாப் பச்சைக் குழந்தைகளுக்கும். அதிக ஆபத்துள்ள அம்மாக்களின் குழந்தைகளுக்கு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் தயார்நிலை எதிர்ப்புப் புரதம் அடங்கிய இன்னோர் ஊசியும் போட்டார்கள்.

இந்தத் திட்டம் சாங் ஒருவரின் யோசனை அல்ல. தைவானின் மூத்த கல்லீரல் நிபுணர்கள், பொது சுகாதார அதிகாரிகள், பீஸ்லி போன்ற ஆய்வாளர்கள் எனப் பலர் இதற்காகப் பேசினார்கள், வாதாடினார்கள். சாங் கையில் எடுத்தது அடுத்த கேள்வியை: "போட்டாச்சு. இது உண்மையிலேயே வேலை செய்யுதா?"

தொற்று குறைகிறதா என்று பார்ப்பது எளிது. ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். தைபே நகரக் குழந்தைகளிடம் 1984-இல் 9.8 சதவீதமாக இருந்த தொற்று, 1989-இல் 4.8 ஆனது. 1994-இல் 1.3 சதவீதம். ஆனால், புற்றுநோய் குறைகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1984-இல் ஊசி போட்ட குழந்தைக்கு ஐம்பது வயது ஆக 2034 வரை காத்திருக்க வேண்டுமே?

இங்கேதான் குழந்தைகள் மருத்துவர் என்பது கைகொடுத்தது. பெரியவர்களுக்காக அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டாம். ஆறு வயதிலேயே இந்தப் புற்றுநோய் வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஊசி போட்ட தலைமுறை ஆறு வயதைத் தாண்டும்போது, அந்த எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணிப் பார்த்த கதை

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது கடினம். குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் மிக அரிது. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, பெரிய மருத்துவமனைகளின் தரவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. பல மருத்துவமனைகளின் மருத்துவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள்.

முடிவுகள் 1997-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தன. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வருகிறது என்று பார்த்தார்கள்.

1981 – 1986: 0.70
1986 – 1990: 0.57
1990 – 1994: 0.36

பத்து லட்சம் குழந்தைகளில் ஏழு பேர் என்பது நான்குக்கும் கீழே வந்துவிட்டது. கிட்டத்தட்ட பாதி.

"வேறு காரணத்தாலும் குறைஞ்சிருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால், ஒரே வயதுடைய குழந்தைகளைப் பிறந்த ஆண்டை வைத்தும் பிரித்துப் பார்த்தார்கள். 6 முதல் 9 வயதில் இந்தப் புற்றுநோய் வரும் விகிதம், 1974 – 1984 காலத்தில் பிறந்தவர்களிடம் லட்சத்துக்கு 0.52. திட்டம் தொடங்கிய பின், 1984 – 1986 காலத்தில் பிறந்தவர்களிடம் 0.13. நான்கில் ஒரு பங்கு. வயது ஒன்றுதான், ஊர் ஒன்றுதான். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் வந்தது தடுப்பூசித் திட்டம்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

அதுவரை தடுப்பூசி என்றால் அம்மை, போலியோ மாதிரி தொற்றுநோய்களுக்கு என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. புற்றுநோயை ஊசி போட்டுத் தடுக்கலாம் என்பது ஊகமாகவே இருந்தது. அந்த ஊகத்துக்கு முதல் சான்று இந்த ஆய்வு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி வந்தது இதற்குப் பிறகு, 2006-இல்தான்.

சாங் அதோடு நிறுத்தவில்லை. இருபது ஆண்டுக் கணக்கை 2009-இல் வெளியிட்டார். இந்த முறை 6 முதல் 29 வயது வரை. தடுப்பூசித் தலைமுறையில் 64 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தது. தடுப்பூசிக்கு முந்தைய தலைமுறையில் 444 பேருக்கு. இரண்டு தலைமுறைகளின் எண்ணிக்கையும் வயதும் வேறு என்பதால் அவற்றைச் சமன்செய்து பார்த்தபோதும், ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த 64 பேருக்கு என்ன ஆனது?

வெற்றிக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், அதே கட்டுரையில் சாங் குழு இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டது. திட்டம் வந்த பிறகும் ஏன் இவர்களுக்கு நோய் வந்தது?

இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, தவணைகள் முழுமையாகப் போடப்படவில்லை. இரண்டு, அம்மாவின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட சில பிரசவங்களில் தடுப்பூசி போடுவதற்கு முன்பே வைரஸ் உள்ளே போய்விடுகிறது.

முதல் காரணத்துக்குத் தீர்வு நிர்வாகத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவுக்கு வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தால் குழந்தைக்குப் போவது குறையுமா என்று தைவானில் ஆய்வு நடந்தது. சாங்கும் அதில் ஒருவர். குறைகிறது என்ற முடிவு 2015-இல் வெளியானது. இன்று பல நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை.

அடுத்தது, பித்தநாள அடைப்பு

குழந்தைகளின் கல்லீரலை அழிக்கும் இன்னொரு நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. அதன் பெயர் பிலியரி அட்ரீசியா. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போகும் குழாய் அடைத்துப்போவது. ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. தைவானில் சுமார் 6,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

பித்தநீர் வெளியேற வழியில்லாமல் கல்லீரலிலேயே தேங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாகும். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பது கடினம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஜப்பானின் செண்டாய் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் மொரியோ கசாய். அடைத்த குழாயை அகற்றிவிட்டு, குழந்தையின் சிறுகுடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலின் அடிப்பகுதியில் இணைப்பது. 1959-இல் இதை வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க இதன் பெயர் கசாய் அறுவை சிகிச்சைதான்.

ஆனால், இதற்கு ஒரு கெடு உண்டு. குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும்.

இங்கேதான் சிக்கல். பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் முதல் வாரத்தில் லேசாக மஞ்சள் காமாலை வரும். அது இயல்பு, தானாகவே போய்விடும். அதனால் பிலியரி அட்ரீசியா குழந்தையின் மஞ்சளையும் "சரியாயிடும்" என்றே எல்லோரும் நினைப்பார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் கூடும். சந்தேகம் வரும்போது மூன்று மாதம் ஓடிப்போயிருக்கும்.

ஆனால், ஓர் அடையாளம் மட்டும் ஏமாற்றாது. மலத்துக்கு நிறம் தருவதே பித்தநீர்தான். அது குடலுக்கு வரவில்லை என்றால் மலம் வெளுத்துவிடும்.

ஓர் அட்டை, சில போட்டோக்கள்

இதைப் பரிசோதனையாக மாற்றும் யோசனை ஜப்பானில் பிறந்தது. அகிரா மட்சுயி என்ற மருத்துவர் 1994-இல் டோச்சிகி மாகாணத்தில் மல நிற அட்டையை அறிமுகப்படுத்தினார். சாங் குழு அதைத் தைவானுக்கு ஏற்ப வடிவமைத்து, 2002-இல் சில பகுதிகளில் சோதித்தது.

அட்டை தனித் தாளாக இருந்தால் தொலைந்துபோகும். அதனால் குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்தார்கள். தைவானில் எந்த அம்மாவும் அந்தப் புத்தகத்தைத் தொலைக்க மாட்டார். ஒரு மாதப் பரிசோதனைக்கு வரும்போது அட்டையையும் பார்ப்பார்கள். அதே ஒரு மாதத்தில்தான் ஹெபடைடிஸ் பி இரண்டாவது தவணையும். வெளிறிய நிறம் என்றால் 24 மணி நேரத்துக்குள் பதிவு மையத்துக்கு போன் அல்லது ஃபேக்ஸ்.

2003 இறுதி வரை 78,184 குழந்தைகளின் அட்டைகள் திரும்பி வந்தன. பிலியரி அட்ரீசியா உறுதியான 29 குழந்தைகளில் 26 பேரை, 60 நாள் ஆவதற்குள் அட்டையே காட்டிக்கொடுத்தது. ஸ்கேன் இல்லை, ரத்தம் எடுக்கவில்லை. அம்மாவின் கண்தான் கருவி.

2004-இல் திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. முதல் ஆண்டில் 72.5 சதவீதக் குழந்தைகளைத்தான் 60 நாளுக்குள் பிடிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு அது 97.1 சதவீதம் ஆனது.

பலன் என்ன?

அட்டைக்கு முன், அட்டைக்குப் பின் என்று இரண்டு காலத்துக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வந்தது.

60 நாளுக்குள் கசாய் அறுவை சிகிச்சை நடந்தவர்கள்: 49.4 சதவீதத்திலிருந்து 65.7 சதவீதம்.

மாற்று அறுவை சிகிச்சை இல்லாமல், சொந்தக் கல்லீரலோடு ஐந்து வயதைத் தொட்டவர்கள்: 27.3 சதவீதத்திலிருந்து 64.3 சதவீதம்.

ஐந்து வயது வரை உயிரோடு இருந்தவர்கள்: 55.7 சதவீதத்திலிருந்து 89.3 சதவீதம்.

இந்த முன்னேற்றம் முழுவதும் அட்டையால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இடைப்பட்ட காலத்தில் அறுவை சிகிச்சையும் கல்லீரல் மாற்றும் முன்னேறியிருக்கின்றன. ஆனால், சரியான நேரத்தில் குழந்தை வந்து சேராவிட்டால் எந்த முன்னேற்றமும் அதற்குப் பயன்படாது. ஜப்பான் 2012-இல் நாடு முழுவதும் தாய்-சேய் கையேட்டில் இந்த அட்டையைச் சேர்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2014-இல் தொடங்கியது.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாக நடந்த குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை 1998-இல் டெல்லியில் நடந்தது. அந்தக் குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. வயது 20 மாதம். நோய், இதே பிலியரி அட்ரீசியா. அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து பின்னாளில் மருத்துவரும் ஆனார்.

மகிழ்ச்சியான கதைதான். ஆனால், எல்லாக் குடும்பத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது. செலவும் அதிகம், அலைச்சலும் அதிகம். அறுபது நாளுக்குள் கண்டுபிடிப்பது அதைவிட எவ்வளவோ எளிது.

நம் வீடுகளில் குழந்தை மஞ்சளாக இருந்தால் முதலில் வரும் அறிவுரை, "காலையில இளவெயில்ல காட்டுங்க, சரியாயிடும்." முதல் வாரத்து மஞ்சள் பெரும்பாலும் தானாகவே போய்விடும், பாராட்டு வெயிலுக்குப் போகும். குழாய் அடைத்திருந்தால் வெயிலாலோ நாட்டு மருந்தாலோ திறக்க முடியாது. அதில் போவது நாள்கள் மட்டும்தான்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்:

• இரண்டு வாரம் தாண்டியும் கண்ணோ தோலோ மஞ்சளாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிலிருபின் அளவை மொத்தமாக மட்டும் பார்க்காமல், 'டைரக்ட்' பிலிருபினையும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பித்தநாள அடைப்பில் கூடுவது அதுதான்.

• மலம் வெள்ளை, வெளிர் மஞ்சள், களிமண் நிறத்தில் இருந்தால் அன்றே காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து மருத்துவருக்குக் காட்டலாம்.

• பச்சைக் குழந்தையின் சிறுநீர் நிறமில்லாமல் இருக்க வேண்டும். துணியில் அடர் மஞ்சள் கறை படிந்தால் கவனியுங்கள்.

• கர்ப்பக் காலத்தில் ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி முதல் தவணை போட வேண்டும். 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலும் இந்தத் தடுப்பு மருந்து உண்டு. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளாவும்தான் நாட்டிலேயே முதலில் பென்டாவேலன்ட் போடத் தொடங்கின.

அந்த முதல் 24 மணி நேர ஊசியை, "நாளைக்குப் போட்டுக்கலாம், பச்சப்புள்ளைக்கு எதுக்கு இப்பவே ஊசி?" என்று வீட்டில் யாராவது தள்ளிப்போடச் சொன்னால், தைவானின் இருபது ஆண்டுக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். பிறந்ததும் போடத் தொடங்கிய ஊசி, அங்கே ஒரு தலைமுறையின் கல்லீரல் புற்றுநோயைப் பெருமளவு குறைத்திருக்கிறது.

கல்லீரல் நோய் முற்றி வரும் குழந்தைக்குச் சிகிச்சை தருவது ஒரு நிபுணரின் வேலை. அந்த நிலைமைக்குக் குழந்தைகள் வராமலேயே பார்த்துக்கொள்ள சாங் பயன்படுத்தியவை நாட்டின் பதிவேடுகளும், எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு கையேடும். அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது ஒரு நொடி நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.